பூட்டிய வீட்டுக்கு மருந்து

“நேத்து ராத்திரி எந்த ஊர்ல தூங்குனீங்க?”

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் திகைத்துப்போய் மகளைத் திரும்பிப் பார்க்கிறார். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்த இடத்தில் இதென்ன கேள்வி என்று அவருக்கு. “நமக்கு ஊரு கீரமங்கலம்மா” என்கிறார்.

“ஊரக் கேக்கலங்கய்யா. தூங்குனது எங்கன்னு கேட்டேன்.”

“தூங்குனது இங்கிட்டு மக வீட்டுலதான். ஒரு மாசமா இங்கதான் கெடக்கேன்.”

“அத மொதல்ல சொல்லுங்க” என்று வியாகுலமேரி தட்டத் தொடங்குகிறார். இரண்டே விரல்தான், ஆனால் நல்ல வேகம். கடைசியில் என்டர் பட்டனில் ஒரு குத்து. அந்தக் குத்துக்கு இதுவரை மூன்று கீபோர்டு பலியாகியிருக்கிறது.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டுப் போடுகிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டேட்டா என்ட்ரி அம்மா அவர். எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். இந்தப் பத்திரிகைக்கு அவ்வப்போது மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே எழுதுவேன். இந்தத் தடவை வயிறு எரிந்துகொண்டு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் நடுவில் எங்கோ ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் அப்படிச் சொன்னார்: “எம் பேரப் போடுங்கண்ணே, ஊரு பேரப் போடாதீங்க. எங்க வேதக்காரங்க இருக்குற ஆவூர்ப் பக்கம் போயி வியாகுலமேரின்னு கூப்பிட்டா தெருவுக்கு நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. எவளப் புடிப்பாங்க?”

அவருடைய கேள்வி ஊர் முழுக்கப் பிரசித்தம். நம் ஆட்களிடம் ‘எந்த ஊர்’ என்று கேட்டுப் பாருங்கள். கல்யாணமாகி இருபது வருடமான பெண் பிறந்த ஊரைச் சொல்வாள். திருமயம் பக்கத்து ஆச்சி சென்னையிலேயே குடியிருந்து பேரன் எடுத்திருந்தாலும், பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு இருக்கிற ஊரைத்தான் சொல்வார். திருப்பூரில் பனியன் தைக்கிறவன் குலசாமி இருக்கிற ஊரைச் சொல்வான். யாரும் பொய் சொல்லவில்லை. ஊர் என்றால் நமக்கு அதுதான் அர்த்தம். ஆனால் காய்ச்சலுக்கு அந்த அர்த்தம் கிடையாது. அது ஆள் படுத்துக் கிடக்கிற இடத்தில்தான் வருகிறது. “கொசு என்ன ஆதாரப் பாத்தாண்ணே கடிக்குது?” என்பார் மேரி.

இந்தக் கேள்வியால் சண்டையும் வந்திருக்கிறது. ஒரு புது மாப்பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எம் பொண்டாட்டிகிட்ட ராத்திரி எங்க தூங்குனேன்னு கேக்குறீங்களா?” என்று குதித்தான். மேரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒங்க பொண்டாட்டிக்கு டெங்கு. தூங்குனது ஒங்க வீட்டுல. அப்ப ஒங்க வீட்டுத் தொட்டியில புழு கெடக்கு. தொட்டியக் கழுவப் போறீங்களா, இங்க நின்னு சண்டை போடப் போறீங்களா?” மாப்பிள்ளை தொட்டியைக் கழுவப் போனான்.

வயது நாற்பத்தாறு. நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார், செருப்பு மேஜைக்கடியில் தனியாகக் கிடக்கும். பதினான்கு வருடமாகப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார். பதினொரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வேலையை விட்டு நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாளிலும் வந்து உட்கார்ந்திருப்பார். கேட்டால், “இன்னிக்கு நான் வேலையில இல்ல, சும்மாதான் வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே சீட்டுப் போடுவார்.

அவர் பொட்டு வைப்பதில்லை. ஆனால் பஸ் ஸ்டாப் ஃபேன்சி ஸ்டோரில் மாதம் நாலு அட்டை ஒட்டுப்பொட்டு வாங்குகிறார். கடைக்காரப் பெண்ணுக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை. விஷயம் இதுதான்: பதிவேடுகள் வைக்கிற பீரோவின் உள்கதவில், பழைய தடுப்பூசி போஸ்டரின் வெள்ளைப் பின்பக்கத்தில், எங்கள் சுற்றுவட்டாரம் முழுவதையும் பேனாவால் வரைந்து வைத்திருக்கிறார். குளம், மேல்நிலைத் தொட்டி, செங்கல் சூளை, ரேஷன் கடை, காலனி, எல்லாம் அதில் உண்டு. காய்ச்சல் என்றால் சிவப்புப் பொட்டு. மஞ்சள் காமாலைக்குக் கருப்பு. வயிற்றுப்போக்குக்குப் பச்சை. ஆள் தூங்கின இடத்தில் பொட்டு விழும். ஒரே இடத்தில் மூன்று சிவப்பு விழுந்துவிட்டால் மேரி பீரோவைத் திறந்து வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுவார். இரண்டு வருடம் முன்பு காலனித் தொட்டியில் சாக்கடை கலந்ததைக் கண்டுபிடித்தது எந்த ஆபீசும் இல்லை. ஏழு கருப்புப் பொட்டு.

இப்படி ஒருத்தர் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? கும்பிட்டு மாலை போட்டிருக்க வேண்டாமா? நம் ஆட்கள் ஆப் கொண்டுவந்தார்கள்.

ஆப் வந்ததில் தப்பில்லை. ஒரு இடத்தில் காய்ச்சல் கூடினால் மேலே இருக்கிறவர்களுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது. நாட்டுக்கு அவசியமான காரியம். தெரிந்தால் மருந்தடிக்க ஆள் வரும், டாக்டர் குழு வரும். மேரியே முதலில் சந்தோஷப்பட்டார். “இனிமே பொட்டு வாங்குற காசு மிச்சம்ணே” என்றார். பிறகுதான் தெரிந்தது, நோயாளியின் ஆதார் அட்டை எண்ணைத் தட்டினால் முகவரி தானாகவே வந்து விழுகிறது என்று. அட்டையில் இருக்கிற முகவரி. ஆள் எங்கே காய்ச்சலோடு கிடக்கிறார் என்பதைக் கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை. இதை யோசித்தவர் ஒரே வீட்டில் பிறந்து, அதே வீட்டில் வளர்ந்து, அங்கேயே இருக்கிறவராக இருக்க வேண்டும்.

மேரி சும்மா விடுவாரா? தானாக விழுந்த முகவரியை அழித்துவிட்டு, தூங்கின இடத்தைத் தட்டினார். ஒவ்வொரு ஆளுக்கும்.

போன கார்த்திகையில், ஊருக்குத் தெற்கே தைலமரக் காட்டில் மரம் வெட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பம், எல்லாரும் கல்வராயன் மலை அடிவாரத்துக்காரர்கள். மரத்துக்கு நடுவில் தார்ப்பாய் கட்டி, தரையில் சாக்கு விரித்துப் படுத்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி பிச்சைமுத்து ஒரு ஆளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். அஞ்சு நாள் காய்ச்சல், தலை வெடிக்கிறது என்றார். எங்கள் டாக்டர் அறிவுமதி சின்ன வயதுதான், ஆனால் கெட்டிக்காரப் பெண். சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளில் பார்த்தார். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்பு வடு. உண்ணிக்காய்ச்சல். புதரில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்து வருவது. ரத்தம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உறுதியாகி வந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகிவிடும். விட்டுவிட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும்.

ஒரே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பீரோக் கதவில் தைலமரக் காட்டின் மேல் மூன்று சிவப்புப் பொட்டு. மேரி மூன்று பேருக்கும் முகவரியை மாற்றி, ‘தைலமரக் காடு, தெற்குப் பக்கம்’ என்று அடித்தார்.

அங்கேதான் வந்தது வினை. மாதாந்திர வீடியோ கூட்டத்தில் பிரவீன்குமார் என்ற அதிகாரி திரையில் வந்தார். ஆப்புக்குப் பொறுப்பானவர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர். “முகவரிப் பொருத்தமின்மை உங்க சென்டர்லதான் அதிகம்” என்றார். நூற்றுக்கு முப்பத்தொன்று. மற்ற எல்லா சென்டரும் பச்சை, அதற்கு ஒரு கைதட்டல். எங்கள் சென்டர் மட்டும் சிவப்பு. ஆளைக் கொல்கிற காய்ச்சல் அங்கே யாருக்கும் சிவப்பாகத் தெரியவில்லை. அட்டையும் ஆளும் பொருந்தாததுதான் சிவப்பு!

“சார், அவங்க அந்த ஊர்ல இல்ல சார். இங்க காட்டுல இருக்காங்க.”

“அட்டையில என்ன இருக்கோ அதப் போடுங்க மேடம். நீங்க சொந்தமா எதுவும் எழுத வேண்டாம்.”

மறுநாள் முகவரிக் கட்டம் சாம்பல் நிறமாகிவிட்டது. தட்டினாலும் எழுத்து விழாது. மேலேயிருந்து பூட்டிவிட்டார்கள். மேரி ஏற்கெனவே அடித்திருந்த காட்டு முகவரி மூன்றையும் அட்டை முகவரிக்கே மாற்றிவிட்டார்கள். கூடவே ஒரு மெமோ: அட்டையிலுள்ள விவரத்தை ஏன் திருத்தினீர்கள், ஏழு நாளுக்குள் விளக்கம் தருக. விளக்கத்தை என் கடையில்தான் டைப் அடித்தோம். மேரி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். “திருத்தவில்லை. நோயாளி இருந்த இடத்தை எழுதினேன்.” அவ்வளவுதான் சொன்னார். தங்கள் மேலான பார்வைக்கு, பணிந்து சமர்ப்பிக்கிறேன் என்று நான் நாலு வரி சேர்த்தேன். பிரிண்ட் எடுத்ததும் அந்த நாலு வரியையும் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் காட்டிலிருந்து வந்த இரண்டு காய்ச்சல்காரர்கள் ஆப்பில் வடக்கே, கல்வராயன் மலைப் பக்கம் போய் விழுந்தார்கள். ஒரு நாள் மேரிக்கு அந்தப் பக்கத்துச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் போன் செய்தார். நல்ல மனுஷன், பாவம். போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார் மேரி.

“மேடம், உங்க ஆஸ்பத்திரியில பதிஞ்ச கேசுக்கு எங்களுக்கு அலர்ட் வந்துச்சு. மலையடிவாரம் வரைக்கும் வந்துட்டோம். வீடு பூட்டிக் கெடக்கு. நாலு மாசமா ஆள் இல்லைன்னு சொல்றாங்க.”

“அவங்க இங்க இருக்காங்க சார்.”

“அது சரி மேடம். ஆனா நாங்க ரிப்போர்ட் குடுக்கணும்ல? அதான் வீட்டச் சுத்தி மருந்தடிச்சுட்டோம்.”

மேரி போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “மாதாவே! பூட்டுன வீட்டுக்கு மருந்தடிச்சிருக்காங்கண்ணே. இங்க ஆளு தரையில படுத்துக் கெடக்கு.”

அவர் மேலே போன் போட்டார். டாக்டர் அறிவுமதியும் போட்டார். புதருக்கு மருந்தடிக்க ஆளும் மருந்தும் மேலேயிருந்துதான் வர வேண்டும். எல்லாருக்கும் ஒரே பதில்: “ஆப்ல காய்ச்சல் கணக்குல உங்க ஏரியா பச்சையா இருக்கே மேடம்.” டாக்டர் ஒரு மதியம் தானே காட்டுக்குப் போய்ப் பார்த்து, காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். தினம் இருநூறு பேரைப் பார்க்கிற ஒற்றை டாக்டர் வேறு என்ன செய்வார்?

பிச்சைமுத்துவின் மருமகள் அன்புமொழிக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் வந்தது. இருபத்து நாலு வயது. மறுநாள் ஞாயிறு, எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. லாரிக்காரர் ஒருவர் டவுனுக்குப் போகிறார் என்று அதிலேயே ஏற்றி, ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டைபாய்டு என்றார்கள். ஆறு நாள் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். பிச்சைமுத்து, “எங்காளுங்களுக்கு உண்ணிக்காய்ச்சல்னு சொன்னாங்க சார்” என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பகுதியில் என்ன நோய் என்று வாராவாரம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் வருகிற பட்டியலை அங்கிருந்த டாக்டர் எடுத்துப் பார்த்திருக்கிறார். எங்கள் பகுதிக்கு நேரே உண்ணிக்காய்ச்சல்: பூஜ்யம். “அங்கல்லாம் அது கெடையாதுய்யா” என்று சொல்லிவிட்டார்.

ஏழாம் நாள் அன்புமொழி இறந்துபோனாள். அதற்கப்புறம்தான் யாரோ இடுப்பு மடிப்பில் வடுவைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்தப் பூஜ்யத்தை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. யாரும் அவளுக்கு விஷம் கொடுக்கவில்லை. ஆனால் ஐந்து பேருக்கு வந்த நோயை ஒரு கட்டத்தைப் பூட்டி ஒன்றுமில்லை என்று ஆக்கி, அதை வாராவாரம் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளை நம்பி ஒரு டாக்டர் தப்பான மருந்து கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் பச்சை நிறத்துக்குக் கைதட்டினார்களே, அந்தக் கையை என்ன செய்வது? இறந்தவள் கணக்கும் எங்கள் பகுதியில் வரவில்லை. அட்டைப்படி அவள் செத்தது வடக்கே.

பிச்சைமுத்து இறப்புச் சான்றுக்கு அட்டை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தார். மேரி ரோட்டைக் கடந்து வந்து அவர் முன்னால் நின்றார். “இன்னும் எத்தன பேருக்குக் காச்சல் இருக்கு?” என்று கேட்டார்.

“ஆறு பேருக்கு இருக்குக்கா.”

“நாளைக்கு ஆறு பேரையும் கூட்டிட்டு வாங்க. ஒருத்தரும் அட்டை கொண்டு வரக் கூடாது. கேட்டா தொலஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க.”

பிச்சைமுத்துக்குப் புரியவில்லை. எனக்கும்தான். வாழ்நாள் முழுக்க ஆளாளிடம் உண்மையான இடத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்பிள்ளை, இப்போது பொய் சொல்லச் சொல்கிறாரே!

மறுநாள் வரிசையில் ஆறு பேரும் நின்றார்கள். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அட்டை இல்லாதவர்களுக்கு மட்டும் ஆப் முகவரிக் கட்டத்தைத் திறந்துவிடுகிறது. ஆனால் கதவு எண், தெரு, ஊர் மூன்றும் இருந்தால்தான் ஏற்கும். தார்ப்பாய்க்குக் கதவு எண் ஏது? மேரி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. முதல் ஆளுக்கு அடித்தார்: 2/114, மாதா கோவில் தெரு. இரண்டாவது ஆளுக்கும் 2/114. ஆறு பேருக்கும் அதே எண். போன் நம்பர் என்ற இடத்தில் தன்னுடைய நம்பர். ஒவ்வொன்றுக்கும் என்டர் பட்டனில் ஒரு குத்து.

2/114 அவருடைய சொந்த வீடு. அவரும் கணவர் லூர்துநாதனும் லோன் போட்டுக் கட்டியது.

டாக்டர் ஆறு பேருக்கும் அன்றே மாத்திரையைத் தொடங்கிவிட்டார். நாலு நாளில் ரத்த ரிப்போர்ட்டுகள் வந்து ஆப்பில் ஏறின. ஒரே வீட்டில் ஆறு பேருக்கு உண்ணிக்காய்ச்சல்! எங்கள் பகுதி பச்சையிலிருந்து ஒரே தாவலில் சிவப்புக்கு வந்தது. அன்று மாலையே நோயாளியின் நம்பருக்கு, அதாவது மேரிக்கு, குறுஞ்செய்தி வந்தது: குழு நாளை தங்கள் இல்லத்துக்கு வருகிறது. மேரி மறுநாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தார்.

காலை பதினொரு மணிக்கு ஜீப் என் கடை முன்னால் நின்றது. பின்னால் மருந்தடிக்கிற மெஷினோடு நாலு பேர். முன்சீட்டில், அந்தச் சிவப்பை நேரில் பார்க்க வந்த பிரவீன்குமார். “மாதா கோவில் தெரு எங்கிட்டு சார் இருக்கு?” என்றார் டிரைவர். நான் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மேரி கேட்டுக்கு வெளியே, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார். பிரவீன்குமார் இறங்கி வீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். திரையில் பார்த்த முகம் ஞாபகம் வந்துவிட்டது.

“நீங்களா? பேஷண்ட்லாம் எங்க?”

“காட்டுல சார்.”

“அப்ப இந்த அட்ரஸ்?”

“எங்க வீடு.”

“ஆறும் பொய் என்ட்ரியா?”

“காச்சல் பொய் இல்ல சார், ரிப்போர்ட்டு இருக்கு. வீடு மட்டுந்தான் பொய். உண்மையான எடத்த எழுதுனப்ப நீங்க வரல. ஒரு பொண்ணு செத்துப்போச்சு. இப்பப் பொய் எழுதுனேன், வண்டியோட வந்துட்டீங்க.”

அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. மெஷின்காரர்கள் கீழே குனிந்துகொண்டார்கள். “வேலை போயிடும் மேடம், தெரியுமா? கேஸே போடலாம். தெரிஞ்சே பொய்யாப் பதிவு பண்ணேன்னு இப்பவே எழுதிக் குடுங்க. குடுத்தாத்தான் வண்டி இங்கேர்ந்து நகரும்.”

“பேப்பர் குடுங்க.”

அவர் நிஜமாகவே தன் பேடிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார், வெட்கமில்லாமல். மேரி அதை ஜீப்பின் பானெட்டில் வைத்து எழுதினார். இஞ்சின் சூடு கையைச் சுட்டிருக்க வேண்டும், அவர் கையை எடுக்கவில்லை. பெயர், பதவி, ஆறு பதிவின் எண், ‘பொய்’ என்ற சொல், தேதி, கையெழுத்து. பதினான்கு வருட வேலை அந்த ஒரு தாளில் இருந்தது.

பிரவீன்குமார் கையை நீட்டினார். மேரி தாளை நாலாக மடித்துத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

“காட்டுல மருந்தடிச்சு முடிங்க சார். கடைசித் தார்ப்பாயி முடிஞ்சதும் அங்கயே தாரேன்.”

சொல்லிவிட்டு முன்கதவைத் திறந்து, அந்த அதிகாரியின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எங்களைப் பார்த்தார். கடைசியில் அவர் பின்பக்கமாக வந்து, மெஷின்களுக்கு நடுவில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

“எங்கிட்டும்மா போகணும்?” என்று கேட்டார் டிரைவர்.

மேரி தாளை இறுக்கிப் பிடித்திருந்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தைலமரக் காட்டுப் பக்கம் காட்டினார்.